அத்தியாயம் 7: விண்டோக்களை அடுக்குவதும், அடுக்கியது கலையாமல் காப்பதும்

முந்தைய அத்தியாயத்தில், எழுத்து விளையாட்டுகளை ஆட உதவும் மட்லெட் மென்பொருளை நிறுவி, ஒரு ப்ரொஃபைல் உருவாக்கி, விளையாட்டுக்குள் நுழைந்தும் பார்த்துவிட்டோம். நுழைந்த சற்று நேரத்திலேயே ஒன்று புரிந்திருக்கும். எழுத்து விளையாட்டில் வரிகள் நில்லாமல் ஓடும். நீங்கள் நிற்கும் அறையின் வர்ணனை, யாரோ உள்ளே வந்த செய்தி, சண்டையில் வாங்கிய அடி, எங்கோ ஒரு நாட்டிலிருந்து சக ஆட்டக்காரர் உங்களைக் கேட்ட கேள்வி, எல்லாம் ஒரே பத்தியாக வந்து மேலேறி மறைந்துவிடும்.

இங்கிலீஷிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் இதை ஓட்டமாகப் படித்துவிடுவார்கள். நம் புதுச்சேரிப் பக்கம் கரையாம்புத்தூரிலோ பாகூரிலோ பள்ளி முடித்த பிள்ளைக்கு அது இரண்டாவது மொழி. ஒரு வரியைப் படித்துப் பொருள் பிடிப்பதற்குள் அடுத்த நாலு வரி வந்துவிடுகிறது. இப்படித் தவறவிட்டவர்கள் பலர், "நமக்கு இங்கிலீஷ் போதவில்லை" என்று சொல்லி விளையாட்டையே விட்டுவிடுகிறார்கள். மொழி போதாதது காரணமே இல்லை. அரட்டையும் சண்டையும் ஒரே இடத்தில் கொட்டுவதுதான் காரணம். அரட்டை வலப்பக்கம் தனியாக நின்றால், சண்டை ஓய்ந்த பிறகு நிதானமாகப் படித்துப் பதில் எழுதலாம். உயிர் எவ்வளவு மிச்சம் என்பது மேலே ஒரு பட்டையில் தெரிந்தால், அதற்காக வரிகளைத் துழாவ வேண்டாம். மேப் ஓர் ஓரத்தில் இருந்தால் வடக்கு, கிழக்கு என்று சொற்களை மனத்தில் வைத்துத் திண்டாட வேண்டாம்.

அதனால் விண்டோக்களை அடுக்குவதை நான் அலங்கார வேலையாக எண்ணவில்லை. படிக்க நேரம் வாங்கித் தரும் வேலை இது. சில நாள் பழகினால் எந்தச் செய்தி எங்கே வரும் என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். அந்தப் பழக்கம் நிலைக்க வேண்டுமென்றால் அடுக்கியது அப்படியே இருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் திறக்கும்போது விண்டோக்கள் இடம் மாறிக் கிடந்தால், கண் மறுபடியும் முதலிலிருந்து பழக வேண்டியதாகிவிடும். எனவே இந்த அத்தியாயத்தில் பாதிக்கு மேல் சேவ் செய்வதைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திரைவாசிப்பான் வைத்து விளையாடும் பார்வையற்ற நண்பர்களுக்குப் பல விண்டோக்கள் இடைஞ்சலாக இருக்கக்கூடும். எழுத்து விளையாட்டுகளை உலகெங்கும் விரும்பி ஆடுபவர்களில் அவர்களும் உண்டு. ஒரே விண்டோவில் வரிசையாக வருவதுதான் வசதி என்றால் அப்படியே விட்டுவிடுங்கள்.

எது எங்கே சேமிக்கப்படுகிறது

மட்லெட்டில் "நான் சேவ் செய்தேனே, எப்படிப் போயிற்று?" என்ற கேள்வி அடிக்கடி எழும். சேவ் என்பது அதில் ஒரே செயல் இல்லை. விண்டோக்கள் மூன்று வகை, மூன்றின் இருப்பிடமும் மூன்று விதமாகச் சேமிக்கப்படுகிறது. இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது.

முதல் வகை, ஸ்கிரிப்ட் எழுதி முதன்மைத் திரைக்குள்ளேயே வைக்கும் சிறு கன்சோல்களும் உயிர்ப் பட்டைகளும். இவற்றின் இடத்தையும் அளவையும் ஸ்கிரிப்ட்டில் உள்ள எண்களே தீர்மானிக்கின்றன. ஸ்கிரிப்ட் ப்ரொஃபைலுக்குள் இருக்கிறது. ப்ரொஃபைலைச் சேவ் செய்தால் இவையும் சேவ் ஆகிவிடும்.

இரண்டாவது, யூசர் விண்டோ எனப்படும் தனி விண்டோ. தலைப்புப் பட்டையைப் பிடித்து இழுத்து நாலு பக்கமும் ஒட்டலாம், பிரித்து மிதக்கவிடலாம், இரண்டாவது மானிட்டர் இருந்தால் அங்கே கொண்டுபோய் வைக்கலாம். நீங்கள் கையால் இழுத்து வைத்த இடம் ஸ்கிரிப்ட்டுக்குத் தெரியாது. அது ப்ரொஃபைல் ஃபோல்டருக்கு வெளியே, மட்லெட்டின் பொது ஃபோல்டரில், ஒரு தனிக் கோப்பில் எழுதப்படுகிறது. ப்ரொஃபைலை மட்டும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போனவர்களுக்கு விண்டோக்கள் வந்தும் அவை இருந்த இடம் வராமல் போவது இதனால்தான்.

மூன்றாவது, அட்ஜஸ்டபிள் கன்டெய்னர். விளையாட்டு நிறுவனங்களும் ஆட்டக்காரர்களும் உருவாக்கித் தரும் புதிய தொகுப்புகள் பலவற்றில் இதைப் பார்க்கலாம். மவுஸால் இழுத்துப் பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம். தலைப்பில் வலது க்ளிக் செய்தால் ஒரு மெனு வரும். அதில் சேவ், லோடு, லாக் எல்லாம் இருக்கும். ஒவ்வொரு கன்டெய்னரின் அளவும் ப்ரொஃபைல் ஃபோல்டருக்குள் அதற்கென்று உள்ள உள்ஃபோல்டரில் சேமிக்கப்படும். நீங்கள் எதுவும் செய்யாவிட்டாலும், மட்லெட்டை முறையாக மூடும்போது தானாகவே சேமித்துக்கொள்ளும். "முறையாக மூடும்போது" என்ற சொற்களை நினைவில் வையுங்கள். கரன்ட் விஷயத்துக்கு வரும்போது அது முக்கியம்.

ஓர் அரட்டை விண்டோவை முழுதாகச் செய்து பார்ப்போம்

கட்டளைகளின் எழுத்துமுறையைப் பார்த்துக்கொள்ளுங்கள். மட்லெட் பயன்படுத்தும் லுவா மொழியில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. கீழே நான் சொல்லும் கட்டளைகளில் சொற்களை இடைவெளி இல்லாமல் சேர்த்து எழுதுங்கள். முதல் சொல் முழுதும் சிறிய எழுத்தில். அடுத்து வரும் ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்து மட்டும் பெரியது. கடைசியில் வளை அடைப்புக்குறி இரண்டு. விண்டோவின் பெயர் தேவைப்பட்டால் அந்த அடைப்புக்குறிக்குள், இரட்டை மேற்கோளில்.

கட்டளை எழுதும் பெட்டியில் "லுவா" என்று இங்கிலீஷில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, "ஓப்பன் யூசர் விண்டோ" கட்டளையைச் "சாட்" என்ற பெயரோடு எழுதி என்டர் தட்டுங்கள். காலியான ஒரு விண்டோ எழும். தலைப்புப் பட்டையைப் பிடித்து வலது ஓரத்துக்கு இழுங்கள். திரை விலகி இடம் விடுவது தெரியும். அப்போது விட்டுவிடுங்கள், ஒட்டிக்கொள்ளும். நடுக்கோட்டைப் பிடித்து அகலத்தைச் சரிசெய்யுங்கள். பிறகு அதே பெட்டியில் லுவா, இடைவெளி, "சேவ் விண்டோ லேஅவுட்", வெறும் அடைப்புக்குறி, என்டர். பதில் எதுவும் வராவிட்டாலும் கவலை வேண்டாம், இடம் பதிவாகிவிட்டது.

இதோடு நிறுத்தினால் நாளை அந்த விண்டோ வராது. லேஅவுட் கோப்பு இடத்தை மட்டும்தான் நினைவில் வைக்கும். விண்டோவைத் திறப்பது ஸ்கிரிப்ட்டின் பொறுப்பு. மேலே உள்ள பட்டன்களில் ஸ்கிரிப்ட்ஸ் என்பதைத் திறந்து, புதிய உருப்படி ஒன்று சேர்த்து, முதல் வரியில் அதே ஓப்பன் கட்டளையையும் இரண்டாம் வரியில் "லோடு விண்டோ லேஅவுட்" கட்டளையையும் எழுதுங்கள். வரிசை மாறக்கூடாது. விண்டோ பிறக்கும் முன்னே லேஅவுட்டை ஏற்றினால் அதை வைக்க ஆளில்லை. பெயரும் எழுத்துக்கு எழுத்து அதேதான் இருக்க வேண்டும். மட்லெட் விண்டோவைப் பெயரால்தான் அடையாளம் காண்கிறது. முதல் எழுத்தைப் பெரிதாக்கினால்கூட அதற்கு அது வேறு விண்டோ. பழைய இடம் கிடைக்காது.

எழுதி முடித்ததும் இரண்டு சேவ் வேண்டும். கன்ட்ரோலும் எஸ்ஸும் அழுத்தினால் அந்த ஸ்கிரிப்ட் மட்டும் ஏற்கப்பட்டு ஓடத் தொடங்கும், டிஸ்க்கில் எழுதப்படாது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ் மூன்றும் சேர்த்து அழுத்தினால்தான் ப்ரொஃபைல் முழுவதும் டிஸ்க்கில் பதிவாகும். ஓடுகிறதே என்று முதல் சேவோடு எழுந்து போகாதீர்கள்.

அரட்டை வரிகளை அந்த விண்டோவுக்கு அனுப்ப ஒரு ட்ரிகர் போதும், அதாவது குறிப்பிட்ட சொல் உள்ள வரி வந்ததும் தானாகக் கட்டளைகளை ஓட்டும் உருப்படி. உங்கள் விளையாட்டில் அரட்டை வரி எப்படித் தொடங்குகிறதோ அந்தச் சொல்லை ட்ரிகரில் கொடுத்து, உள்ளே மூன்று கட்டளை எழுதுங்கள்: "செலக்ட் கரன்ட் லைன்", "காப்பி", பிறகு "அப்பென்ட் பஃபர்", அதன் அடைப்புக்குறிக்குள் சாட் விண்டோவின் பெயர். முதன்மைத் திரையிலிருந்து அந்த வரியை அழிக்கவும் கட்டளை உண்டு. முதல் சில வாரம் அழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. ட்ரிகர் தப்பாக ஒரு வரியைப் பிடித்தால், அழித்துவிட்ட பின் அது தெரியவே தெரியாது.

நண்பர்களோடு தமிழில் பேச விரும்புவீர்கள். செட்டிங்ஸில் பொதுப் பகுதியில் சர்வர் என்கோடிங் என்று ஓர் இடம் உண்டு. அதை யூடிஎஃப்-8 ஆக்குங்கள். சர்வரும் ஏற்றால்தான் தமிழ் போகும், பழைய விளையாட்டுகள் பல ஏற்காது. ஏற்றாலும், எல்லா எழுத்தும் ஒரே அகலம் என்று கணக்கிடும் இந்தத் திரையில் நம் எழுத்துகள் கொஞ்சம் இடித்துக்கொண்டுதான் நிற்கும். தங்கிலீஷில் பேசிக்கொள்வது இப்போதைக்கு நடைமுறை.

கரன்ட் போனால்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் புதுச்சேரியில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீர் தென்பெண்ணையில் பெருகி, பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குள் புகுந்தது. அப்படிப்பட்ட நாளில் விளையாட்டு யாருக்கும் நினைவில் இராது. ஆனால் அந்த அளவு வராத சாதாரண ஐப்பசி, கார்த்திகை மழையிலும் நம் பக்கம் கரன்ட் சொல்லாமல் போகும். மேசைக் கம்ப்யூட்டர் சட்டென்று அணையும்.

மட்லெட் மூடும்போது "நான் மூடப்போகிறேன்" என்று ஸ்கிரிப்ட்டுகளுக்கு ஒரு செய்தி அனுப்பும். அட்ஜஸ்டபிள் கன்டெய்னர்கள் அந்தச் செய்தியைக் கேட்டுத்தான் தங்கள் அளவைச் சேமிக்கின்றன. ப்ரொஃபைலைச் சேவ் செய்யவா என்று கேட்கும் பெட்டியும் அப்போதுதான் வரும். கரன்ட் போகும்போது இந்தச் செய்திக்கு நேரமே இல்லை. அன்று மாலை முழுக்க இழுத்து அடுக்கியது அத்தனையும் போய், காலையில் இருந்த நிலைக்குத் திரும்பிவிடும்.

இதற்கு வழி, மூடும்வரை காத்திராமல் இருப்பது. அடுக்கி முடித்த கையோடு கன்டெய்னரின் மெனுவில் சேவ் கொடுங்கள். கூடவே டைமர்ஸ் பகுதியில் அரைமணிக்கு ஒருமுறை ஓடும் டைமர் ஒன்று வைத்து, அதில் "சேவ் விண்டோ லேஅவுட்", "சேவ் ப்ரொஃபைல்" இரண்டையும் எழுதிவிடுங்கள். அதைவிட அடிக்கடி வேண்டாம். ஒவ்வொரு ப்ரொஃபைல் சேவும் தேதியும் நேரமும் பெயரில் கொண்ட புதுக் கோப்பாகத் தங்கும். நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஃபோல்டர் குப்பையாகி, தேவைப்படும்போது சரியானதைத் தேட முடியாது.

அப்படிப் பழைய கோப்புகள் தங்குவதில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. சேவ் நடந்துகொண்டிருக்கும்போதே கரன்ட் போய், கடைசிக் கோப்பு கெட்டுவிட்டால், அல்லது நீங்களே ஏதோ மாற்றி எல்லாம் குழம்பிவிட்டால், மட்லெட்டைத் திறந்ததும் வரும் கனெக்ட் பெட்டியைப் பாருங்கள். ப்ரொஃபைலைத் தேர்ந்தெடுத்தால் அதன் முந்தைய சேவ்கள் தேதி வாரியாக ஒரு பட்டியலில் இருக்கும். நேற்றையதைத் தேர்ந்து உள்ளே போங்கள். சரியாக இருந்தால் உடனே ஒருமுறை சேவ் செய்துவிடுங்கள், இனி அதுவே புதியது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவதற்கு முன் இந்தப் பட்டியலைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

திரை மாறும்போது

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் கொடுத்த இயந்திரங்கள் நம் எல்லையோரக் குடும்பங்களில் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. கடலூர் பக்கத்து மாமா பெண் படித்து முடித்ததை இங்கே தம்பி வைத்துக்கொள்வான். எழுத்து விளையாட்டுக்கு அவை நன்றாகப் போதும். அந்தக் காலத்து 14 இன்ச் லேப்டாப்களில் திரை பெரும்பாலும் 1366-க்கு 768 புள்ளி. கல்லூரியிலோ கம்ப்யூட்டர் சென்டரிலோ நீங்கள் பார்க்கும் மானிட்டர் 1920-க்கு 1080. ஒன்றில் அடுக்கியதை மற்றொன்றில் திறந்தால்தான் சிக்கல் தொடங்குகிறது.

ஒரு கணக்குப் பார்ப்போம். எழுத்து விளையாட்டுகள் பல, ஒரு வரிக்கு 80 எழுத்து என்று வைத்துத்தான் வர்ணனைகளையும் பட்டியல்களையும் அமைக்கின்றன. ராய் ட்ரப்ஷா எழுதத் தொடங்கி ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த முதல் மட், அதாவது பலர் சேர்ந்து ஆடும் எழுத்து விளையாட்டு, இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978-ல் பிறந்தது. அதே ஆண்டு வெளிவந்த விடி100 டெர்மினலிலும் வரிக்கு 80 எழுத்துதான் வழக்கம். அந்த அளவு இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஓர் எழுத்துக்கு 10 புள்ளி அகலம் என்றால் 80 எழுத்துக்கு 800 புள்ளி வேண்டும்.

பெரிய மானிட்டரில் வலப்பக்கம் அரட்டைக்கு 600 புள்ளி ஒதுக்கினீர்கள். மிச்சம் 1320, தாராளம். அதே 600-ஐ 14 இன்ச் லேப்டாப்பில் வைத்தால் மிச்சம் 766. எண்பது எழுத்து அடங்காது. ஒவ்வொரு வரியின் வாலும் மடிந்து கீழே விழும், கட்டம் கட்டிய பட்டியல் எல்லாம் உருக்குலையும். ஸ்கிரிப்ட்டில் 600 என்று எழுதாமல் 30 சதவீதம் என்று எழுதியிருந்தால், பெரிய திரையில் 576 புள்ளியும் சிறியதில் 410 புள்ளியும் எடுத்துக்கொண்டிருக்கும். லேப்டாப்பில் முதன்மைத் திரைக்கு 956 புள்ளி மிஞ்சும், 80 எழுத்தும் நன்றாக அடங்கும்.

மட்லெட்டின் கைசர் என்ற விண்டோ அமைப்பு சதவீதத்தை நேரடியாக ஏற்கும். எண்ணை மேற்கோளுக்குள் சதவீதக் குறியோடு எழுதினால் போதும். முன்னால் கழித்தல் குறி போட்டால் வலது ஓரத்திலிருந்தோ கீழ் ஓரத்திலிருந்தோ அளக்கும். வலப்பக்க விண்டோக்களுக்கு நான் எப்போதும் கழித்தல் குறியோடுதான் எழுதுவேன். திரை எந்த அளவானாலும் ஓரத்தை விட்டு நகராது.

எழுத்து விண்டோவுக்கு அடியில் போய் மறைகிறது என்றால், சரிசெய்ய வேண்டியது முதன்மைத் திரையின் ஓர இடைவெளியை, அதாவது பார்டரை. ஸ்கிரிப்ட்டால் வைத்த கன்சோலுக்குப் பார்டர் அளவைத் தனியே சொல்ல வேண்டும். அட்ஜஸ்டபிள் கன்டெய்னரை மெனுவில் வலப்பக்கத்தோடு அட்டாச் செய்துவிட்டால் அதுவே ஓரத்தைச் சரிசெய்துகொள்ளும்.

ஒரே கம்ப்யூட்டர், பல கைகள்

வீட்டில் ஒரே கம்ப்யூட்டர் என்றால் அண்ணனுக்கும் தங்கைக்கும் தனித்தனி ப்ரொஃபைல் இருக்கட்டும், விளையாட்டு ஒன்றே என்றாலும். "அண்ணா, என் மேப் விண்டோவை எங்கே போட்ட?" என்ற சண்டை வராது. அளவுகளைச் சரிசெய்து முடித்ததும் கன்டெய்னர் மெனுவில் லாக் செய்துவிடுங்கள். மவுஸ் தெரியாமல் பட்டாலும் நகராது.

விளையாட்டு நிறுவனம் தரும் தொகுப்பைப் பயன்படுத்துபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. சில விளையாட்டுகளில் நீங்கள் நுழைந்ததுமே சர்வர் தன் தொகுப்பை அனுப்பி நிறுவிவிடும். புதிய பதிப்பு வந்தால் பழையதை நீக்கிவிட்டுப் புதியதைப் போடும். அந்தத் தொகுப்பின் ஃபோல்டருக்குள் நீங்கள் எழுதிவைத்த மாற்றங்களும் சேர்ந்து போய்விடும். உங்கள் ஸ்கிரிப்ட்டுகளுக்கென்று அந்தத் தொகுப்புக்கு வெளியே ஒரு தனிக் குழு உருவாக்கி அதில் வையுங்கள்.

நண்பருக்கு உங்கள் அமைப்பைக் கொடுக்க விரும்பினால் பேக்கேஜ் எக்ஸ்போர்ட்டரில் வேண்டிய ஸ்கிரிப்ட், ட்ரிகர்களை மட்டும் தேர்ந்து ஒரு தொகுப்பாக்கிக் கொடுங்கள். ப்ரொஃபைல் ஃபோல்டரை அப்படியே வாட்ஸ்அப்பிலோ பென்டிரைவிலோ தராதீர்கள். பாஸ்வேர்டைச் சேமித்து வைத்திருந்தால் அதுவும் கூடவே போக வாய்ப்பு உண்டு. தனிப்பட்ட உரையாடல் பதிவுகளும் அங்கேதான் இருக்கும்.

உங்கள் சொந்த பேக்கப்புக்கு எதிர்மாறான வழி: மட்லெட்டின் முழு ஃபோல்டரையும் எடுங்கள். யூசர் விண்டோக்களின் இடம் ப்ரொஃபைலுக்கு வெளியே இருப்பதை முன்பே பார்த்தோம். விண்டோஸில் உங்கள் பயனர் பெயருள்ள ஃபோல்டருக்குள், புள்ளியில் தொடங்கும் "கான்ஃபிக்" ஃபோல்டரில் மட்லெட் இருக்கும். லினக்ஸிலும் ஹோம் ஃபோல்டருக்குள் அதே பெயர்தான், ஆனால் புள்ளியில் தொடங்குவதால் மறைந்திருக்கும். கன்ட்ரோலும் ஹெச்சும் அழுத்தினால் தெரியும். லினக்ஸ் பக்கம் தடுமாறினால் விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழு ஒன்று இருக்கிறது, கேட்கத் தயங்க வேண்டாம்.

காப்பி எடுக்கும் முன் மட்லெட்டை மூடுங்கள். திறந்திருக்கும்போது எடுத்த காப்பியில் அன்றைய மாற்றங்கள் இருக்கும் என்று உறுதியில்லை. புதுக் கம்ப்யூட்டரில் மட்லெட்டை நிறுவி, ஒருமுறை திறந்து மூடி, அது உருவாக்கிய ஃபோல்டர் இருக்கும் இடத்தில் உங்களுடையதை வையுங்கள்.

மட்லெட் அல்லாதவை

விண்டோஸில் பலர் மஷ்கிளையன்ட் பயன்படுத்துகிறார்கள். ஆஸ்திரேலியாவின் நிக் காமன் எழுதியது. அதில் வேர்ல்டு ஃபைல் என்ற கோப்புதான் ப்ரொஃபைல் போல. ஃபைல் மெனுவில் அதைச் சேவ் செய்ய மறவாதீர்கள். உள்ளே இருக்கும் சிறு விண்டோக்களின் இடத்தை அந்தந்த ப்ளக்இன் தன் நிலைக்கோப்பில் எழுதிவைக்கும், அவை ஸ்டேட் என்ற ஃபோல்டரில் இருக்கும். பேக்கப்பில் இரண்டும் வேண்டும்.

மானிட்டரைக் கழற்றிய பிறகு காணாமல் போகும் விண்டோ

மீண்டும் மட்லெட்டுக்கு வருவோம். இரண்டாவது மானிட்டரில் அரட்டை விண்டோவை வைத்து சேவ் செய்துவிட்டு, பிறகு லேப்டாப்பை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால் சில சமயம் விண்டோ எங்கும் தெரியாது. அது திறந்துதான் இருக்கும், திரைக்கு வெளியே. விண்டோஸ் என்றால் ஆல்ட்டும் டேபும் அழுத்திப் பாருங்கள். அந்தப் பட்டியலில் அது வந்தால் தேர்ந்து, விண்டோஸ் விசையோடு ஷிஃப்ட்டையும் இடது அல்லது வலது அம்புக்குறியையும் அழுத்துங்கள். இருக்கும் ஒரே திரைக்குத் தாவி வரக்கூடும். அதிலும் வராவிட்டால் ஸ்கிரிப்ட்டில் விண்டோவின் பெயரைத் தற்காலிகமாக மாற்றி, ப்ரொஃபைலைச் சேவ் செய்து, மட்லெட்டை மூடித் திறங்கள். புதுப் பெயருக்குப் பழைய இடம் எதுவும் பதிவாகியிருக்காது என்பதால் கண்முன்னே வந்து நிற்கும். ட்ரிகரிலும் அதே புதுப் பெயரைப் போட்டு, வேண்டிய இடத்தில் ஒட்டி, லேஅவுட்டைச் சேவ் செய்துவிடுங்கள்.